லூயிஷம் பக்கம் ஒரு காஸ்பல் கொயர்: ஒரு வருஷம் பாடி, லீடர் ட்ரெய்னிங்கும் முடிச்சிட்டு எழுதுற ரிவியூ

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சிட்டே இருந்தேன், போன வாரம்தான் லீடர் ட்ரெய்னிங்கோட கடைசி சனிக்கிழமையும் முடிஞ்சுது, மறந்து போறதுக்கு முன்னாடி எழுதிடறேன். தென்கிழக்கு லண்டன்ல, லூயிஷம் ஸ்டேஷன்ல இருந்து நடந்து போற தூரத்துல ஒரு சர்ச் ஹால்ல செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நடக்கற கம்யூனிட்டி கொயர் (சேந்து பாடுற குழு) இது. காஸ்பல்னா அமெரிக்கக் கருப்பர் சர்ச்சுல பொறந்த பக்திப் பாட்டு. பேரை இங்க போடல, சின்ன குழு, ஏற்கெனவே வெயிட்டிங் லிஸ்ட் இருக்கு, அதோட நான் சில கொறையும் சொல்லப்போறேன், அவங்க மனசு நோக வேண்டாம். கேக்கறவங்களுக்குத் தனியா சொல்றேன்.

மார்க் கேட்டீங்கன்னா 5-க்கு 4.5. கொயர்ல சேர ஆடிஷன் கெடையாது. நோட்டேஷன் படிக்கத் தெரிய வேண்டாம். ஒரு டேர்ம் பத்து வாரம், 90 பவுண்டு, வருமானம் கம்மியா இருக்கறவங்களுக்கு 45, மொத வாரம் ஃப்ரீ. லீடர் ட்ரெய்னிங் தனி, நாலு சனிக்கிழமை, 160 பவுண்டு, அதுக்கு மட்டும் ஒரு டேர்மாவது பாடியிருக்கணும்.

இதுக்கு முன்னாடி வேற ஏரியால ஒரு கொயர்ல ஆறு வாரம் இருந்தேன், அதையும் சொன்னாதான் இது ஏன் எனக்கு இவ்வளவு பிடிச்சுதுன்னு புரியும். அங்கயும் ஆப்பிரிக்கப் பாட்டு, காஸ்பல்னு சொல்லித்தான் ஆள் சேர்த்தாங்க. வாம்-அப்புக்கு ஸூலுங்கற தென்னாப்பிரிக்க மொழில ஒரு பாட்டு பாடுவோம், இது எந்த சமயத்துல பாடுற பாட்டு, வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு நான் கேட்டதுக்கு, அர்த்தம் முக்கியமில்ல, ஜாலியா பாடுங்கன்னு பதில் வந்துச்சு. அதவிட, ஒரு பழைய ஸ்பிரிச்சுவல்ல (அமெரிக்கால அடிமையா இருந்த கருப்பர்கள் பாடின பக்திப் பாட்டு) ஏசு பேரு வர்ற எடத்துல எல்லாம் வேற வார்த்தைய போட்டு மாத்தி வெச்சிருந்தாங்க, யாருக்கும் சங்கடமா இருக்கக் கூடாதாம். எனக்கு அதுதான் பெரிய சங்கடமா போச்சு. நான் கோயிலுக்குப் போறவ, இதே லூயிஷம்ல இருக்கற சிவன் கோயிலுக்குத்தான் வெள்ளிக்கிழமை போவேன். தேவாரத்துல சிவன் பேரை எடுத்துட்டு 'இயற்கை'ன்னு போட்டு யாராவது பாடினா நமக்கு எப்படி இருக்கும்? அடிமையா விக்கப்பட்டு, பிள்ளைங்கள பிரிச்சு வித்தத கண்ணால பார்த்தவங்க ஒரு பேரை கூப்பிட்டு அழுதிருக்காங்க, அந்தப் பேரை நம்ம வசதிக்கு அழிக்கறது சரியில்லன்னு தோணுச்சு. அங்க போறத நிறுத்திட்டேன்.

இந்த கொயர் லீடர்கிட்ட மொத நாளே இதை கேட்டேன். அவங்க அப்பா அம்மா ஜமைக்கால இருந்து வந்தவங்க, லீடர் பெந்தெகொஸ்தே சர்ச்சுல பாடி வளர்ந்தவங்க. அவங்க சொன்னது இதுதான்: இங்க நம்பிக்கை இருக்கணும்னு யாரையும் கேக்க மாட்டேன், ஆனா பாட்டுல இருக்கற வார்த்தைய மாத்த மாட்டேன், உனக்கு ஒரு பாட்டு பாட மனசு வரலன்னா அந்தப் பாட்டுக்கு சும்மா நில்லு, கைதட்டு, இல்ல தண்ணி குடிச்சிட்டு வா, யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க. எனக்கு அது போதுமா இருந்துச்சு. ஊர்ல அம்மாகிட்ட ஃபோன்ல சொன்னேன், அம்மா நாப்பது வருஷமா பஜனைல பாடுறவங்க, என்ன சொல்வாங்களோன்னு இருந்துச்சு, "மனசார பாடுறாங்கன்னா போய் பாடு, அங்க போய் அரைமனசா மட்டும் பாடாத" அப்படின்னாங்க.

ஹால்ல நுழைஞ்சா மியூசிக் ஸ்டாண்ட் இல்ல, ஃபைல் இல்ல, பாட்டு பேப்பர் இல்ல. ஒரு கீபோர்ட், ஒரு ட்ரம் செட், அரைவட்டமா அறுபது பேர் நிக்கறாங்க, அவ்வளவுதான். லீடர் ஒரு வரி எடுத்துக் குடுப்பாங்க, நாம வாங்கிப் பாடணும். நம்ம நாமசங்கீர்த்தனத்துல பழகினவங்களுக்கு இது அந்நியமே இல்ல, வில்லுப்பாட்டுல 'ஆமா' போடுறவர் இல்லன்னா கதை எப்படி நகராதோ அதே மாதிரி இங்கயும் பதில் சொல்ற குரல் இல்லன்னா பாட்டு நகராது.

ஆனா இந்த 'பேப்பர் கெடையாது' விஷயம் வெறும் வசதிக்காக இல்லங்கறத மூணாவது வாரம்தான் புரிஞ்சுகிட்டேன். ஒருத்தர் வார்த்தை எல்லாம் பிரிண்ட் எடுத்து குடுக்கலாமேன்னு கேட்டாரு. அதுக்கு லீடர் ரெண்டே நிமிஷம் சொன்னாங்க. அமெரிக்காவோட தென் மாநிலங்கள்ல பல எடத்துல அடிமைகளுக்கு எழுதப் படிக்க சொல்லிக் குடுக்கறதே சட்டப்படி குத்தம், 1831-ல நாட் டர்னர்ங்கற அடிமை நடத்தின கிளர்ச்சிக்கு அப்புறம் அந்த சட்டங்க இன்னும் இறுகிச்சு. பாட்டு புஸ்தகம் இருந்தாலும் படிக்க முடியாத கூட்டம். ஒருத்தர் முன்னாடி வரிய சொல்லுவாரு, மத்தவங்க அத இழுத்து இழுத்து, அவங்கவங்க வளைவு நெளிவோட பாடுவாங்க. வரி சொல்லிக் குடுக்கற அந்த முறை இங்கிலாந்து, ஸ்காட்லாந்து சர்ச்சுங்கள்ல இருந்து போனதுதான், ஐசக் வாட்ஸ்ங்கற இங்கிலாந்து பாதிரியாரோட கீர்த்தனைங்கதான் அதிகம் பாடினாங்க, ஆனா அது அவங்க வாய்ல விழுந்ததும் வேற உருவம் எடுத்துச்சு, இன்னிக்கும் சில கருப்பர் பாப்டிஸ்ட் சர்ச்சுல அத 'டாக்டர் வாட்ஸ்'னே சொல்றாங்களாம். இதெல்லாம் சொல்லிட்டு, நீங்க பேப்பர பார்த்தா என்னைய பார்க்க மாட்டீங்க, பக்கத்துல இருக்கறவங்க குரல கேக்க மாட்டீங்கன்னு முடிச்சாங்க. கேட்டவரு அதுக்கப்புறம் கேக்கவே இல்ல.

இப்ப பாட்டு விஷயத்துக்கு வரேன். காஸ்பல் கொயர்ல பெரும்பாலும் மூணு குரல்தான், சொப்ரானோ (பொம்பளைங்க மேல் குரல்), ஆல்ட்டோ (பொம்பளைங்க கீழ் குரல்), டெனர் (ஆம்பளைங்க மேல் குரல்). ஆம்பளைங்க எல்லாரும் டெனர்ல சேந்துக்கணும், பேஸ்னு ரொம்ப கீழ்க்குரல் தனியா வர்றது ரொம்ப அரிது. என்னைய ஆல்ட்டோல நிக்க வெச்சாங்க. நம்ம காதுக்கு ஒரு சுருதி, ஒரு ராகம், எல்லாரும் ஒரே ஸ்வரம், அதுலதான் சேந்து பாடுறதோட சொகம். இங்க நான் ஒரு ஸ்வரத்துல நிக்கணும், என் இடது பக்கத்து பொண்ணு அதுக்கு மேல வேற ஒண்ணுல நிக்கறா, பின்னாடி ஆம்பளைங்க கீழ வேற ஒண்ணுல. மொத ரெண்டு வாரம் நான் என்னை அறியாம சொப்ரானோ மெட்டுக்கே ஓடிட்டேன், ஏன்னா அதுதான் 'பாட்டு' மாதிரி கேக்குது, மத்ததெல்லாம் தப்பு ஸ்வரம் மாதிரி இருக்கு. மூணாவது வாரம் ஒரு பாட்டுல என் குரல் என் காதுக்கே தனியா கேக்கல, சரி நிறுத்திப் பார்ப்போம்னு நிறுத்தினேன், ஏதோ ஒண்ணு கொறைஞ்சது நல்லாவே கேட்டுச்சு, திரும்ப சேந்தேன், நெறைஞ்சுது. ஹார்மனினா என்னன்னு அன்னிக்குத்தான் எனக்கு வெளங்குச்சு.

கைதட்டுறது இன்னொரு பாடு. காஸ்பல்ல நாலு எண்ணிக்கைல ரெண்டுலயும் நாலுலயும்தான் தட்டணும். ஆதி தாளம் போட்டு வளந்த கை ஒண்ணுலதான் விழும், அப்புறம் அஞ்சுலயும் ஏழுலயும். அந்த ஒண்ண விட்டுட்டு காத்திருந்து ரெண்டுல தட்டுறதுங்கறது கைக்கு மட்டும் இல்ல, உடம்புக்கே புதுசு. லீடர் கைய விட்டுட்டு கால்ல ஆரம்பிச்சாங்க, ஒண்ணுக்கு வலது பக்கம் அடி வைங்க, ரெண்டுக்கு இடது கால கொண்டு வந்து சேருங்க, சேர்ற எடத்துல தட்டு. ஒரு மாசத்துல வந்துருச்சு. இந்த ஆட்டத்துக்கும் ஒரு கதை உண்டு. 1739-ல தென் கரோலினால ஸ்டோனோ கிளர்ச்சி நடந்துச்சு, அதுல அடிமைகள் முரசு அடிச்சுகிட்டு போனாங்க, அடுத்த வருஷமே அவங்க முரசு வெச்சிருக்கறதுக்குத் தடை போட்டு சட்டம் வந்துருச்சு. முரசு போனதும் தரையும், கையும், காலும், தொடையும்தான் முரசு. ஜார்ஜியா, தென் கரோலினா கடலோரத்துல 'ரிங் ஷவுட்'னு வட்டமா சுத்தி வந்து பாடுவாங்க, கடிகாரத்துக்கு எதிர்த்திசைல, காலை குறுக்க மாத்தி வைக்க மாட்டாங்க, மாத்தி வெச்சா அது டான்ஸ், சர்ச்சுல டான்ஸ் கூடாது. ஒரு சாயங்காலம் அப்படியே ஹால சுத்தி வந்து பாட வெச்சாங்க. எழுபது வயசு தாண்டின பாட்டிங்க எல்லாரவிடவும் நல்லா பண்ணாங்க.

எல்லாத்தையும் ஒரே மூட்டையா கட்டாம இருக்கறது இந்த கொயரோட பெரிய பலம்னு நான் நெனைக்கறேன். ஸ்பிரிச்சுவல் வேற, காஸ்பல் வேற, தென்னாப்பிரிக்கப் பாட்டு வேற, கரீபியன் கோரஸ் வேற. நெறைய பேர் (நானும்தான்) எல்லாம் ஒண்ணுன்னு நெனச்சுட்டு வரோம். ஸ்பிரிச்சுவல் அடிமைக் காலத்துல எழுதினவர் பேர் தெரியாம வந்த பாட்டு. காஸ்பல் 1930-கள்ல சிகாகோல உருவெடுத்தது, தாமஸ் டோர்சின்னு ஒரு ப்ளூஸ் (சர்ச்சுக்கு வெளிய கருப்பர்கள் பாடின சோகப் பாட்டு) பியானோக்காரர், மா ரெய்னிங்கற ப்ளூஸ் பாடகி கூட வாசிச்சவர், அந்த ப்ளூஸ் கைய சர்ச்சுக்குள்ள கொண்டு வந்தாரு, முதல்ல பல சர்ச்சுல உள்ளயே விடல. ஸ்பிரிச்சுவலயே ரெண்டு விதமா பாட வெப்பாங்க எங்க லீடர். ஒரு விதம் மேடைக்காக ஒழுங்கு பண்ணினது. நாஷ்வில்ல ஃபிஸ்க்னு ஒரு காலேஜ், விடுதலை ஆனவங்களுக்காக 1866-ல தொடங்கினது, பணம் இல்லாம மூடுற நெலைமை வந்தப்ப 1871-ல ஒன்பது பேர் பாடிப் பணம் சேக்கக் கெளம்பினாங்க, பெரும்பாலானவங்க அடிமையா பொறந்தவங்க. 1873-ல இங்க பிரிட்டனுக்கு வந்து விக்டோரியா ராணி முன்னாடி கூட பாடியிருக்காங்க. நேரா நின்னு, மெல்லிசா ஆரம்பிச்சு, ஒவ்வொரு வார்த்தையும் தெளிவா. இன்னொரு விதம் சபை பாடுற விதம், யாரு வேணும்னாலும் எடுக்கலாம், வரி நீளும், அழுகை வரும். ஒரே பாட்ட ரெண்டு வாரம் ரெண்டு விதமா பாடினப்ப, எது சரின்னு கேக்கத் தோணல, எது எங்க எதுக்காகப் பாடினதுன்னு மட்டும் நல்லா மனசுல பதிஞ்சுது.

தென்னாப்பிரிக்கப் பாட்டுல எனக்குத் தனி சந்தோஷம். கோசா, ஸூலு மொழில நாக்க சொடுக்கற எழுத்துங்க உண்டு, எல்லாரும் தெணறினாங்க. அதுல ஒண்ணு, நாம பாவப்பட்டு உச்சுக் கொட்டுவோமே, அதேதான். இன்னொண்ணு மாட்ட ஓட்டுறப்ப வாய் ஓரத்துல போடுற சத்தம். நான் ரெண்டையும் பட்டுன்னு போட்டதும் லீடர் என்னைய முன்னாடி கூப்பிட்டு மத்தவங்களுக்கு காட்டச் சொன்னாங்க. என்னோக் சொன்டோங்கா 1897-ல எழுதின பிரார்த்தனைப் பாட்டு, இப்ப தென்னாப்பிரிக்க தேசிய கீதத்தோட மொதல் பகுதி, அத கத்துக்குடுத்தப்ப மட்டும் ஆட்டம் கெடையாது, கைதட்டல் கெடையாது, நேரா நில்லுங்கன்னாங்க. இனவெறி ஆட்சி காலத்துல கூட்டத்துலயும் சவ ஊர்வலத்துலயும் பாடின பாட்டு அது. நான் முன்னாடி போன கொயர்ல தென்னாப்பிரிக்கப் பாட்டுன்னாலே உடம்ப சூடு பண்றதுக்குத்தான், இங்க அப்படி நடத்தவே மாட்டாங்க.

இப்ப லீடர் ட்ரெய்னிங் பத்தி. இதுக்காகத்தான் இந்த ரிவியூவே எழுத உக்காந்தேன். நாங்க பன்னெண்டு பேர், ஸ்கூல் டீச்சர் ரெண்டு பேர், முதியோர் இல்லத்துல வேலை பாக்கறவங்க ஒருத்தர், சர்ச்சுல கொயர் நடத்துறவங்க, எனக்கு எங்க தெருவுல இருக்கற வயசான அம்மாக்களை வெச்சு ஒரு பாட்டுக் குழு ஆரம்பிக்கணும்னு ஆசை. காலைல 10-ல இருந்து 4 வரைக்கும். மத்தியானம் சாப்பாடு ஆளாளுக்கு கொண்டு வந்து பங்கு போட்டுக்கறது, நான் எலுமிச்சை சாதம் கொண்டு போனேன், ஒரு கானா நாட்டு அம்மா கொண்டு வந்த ஜொலோஃப் சாதம் இன்னும் நாக்குல இருக்கு.

மொத நாள் மொத பாடமே எனக்கு பெரிய அடி. வரி எடுத்துக் குடுத்ததும் நாம அவங்க கூட சேந்து பாடக் கூடாது. நான் கூடவே பாடிட்டு இருந்தேன், ஊக்கம் குடுக்கறோம்னு நெனப்பு. நீ பாடுறப்ப உனக்கு உன் குரல்தான் கேக்கும், அவங்க எங்க வழுக்கறாங்கன்னு எப்படித் தெரியும்னு கேட்டாங்க. எடுத்துக் குடு, கைய அவங்க பக்கம் நீட்டு, வாய மூடு, காத தெற. சொல்றதுக்கு சுலபம், செய்யறப்ப அந்த அமைதி பயமா இருக்கும், அவங்க தப்பு விட்டுருவாங்களோன்னு வாய் தானா தெறக்கும். நாலு சனிக்கிழமையும் நான் இதோட மட்டும்தான் மல்லுகட்டினேன்னு சொல்லலாம்.

தப்பு வந்தா ஆளை சுட்டக் கூடாது. 'ஆல்ட்டோல ஒருத்தர் கீழ இருக்கீங்க'ன்னு சொன்னா நாலு பேர் பாடுறதையே நிறுத்திருவாங்க. அந்த வரிய மொத்த ஆல்ட்டோவுக்கும் திரும்ப குடு, வழுக்கின எடத்த மட்டும் மெதுவாக்கு, ரெண்டு தடவ, அப்புறம் நகர்ந்துரு. முழுசா சரியாகாட்டியும் நகரு, அடுத்த வாரம் தானா உக்காந்துரும். பேச்ச கொறை, பாட்ட கூட்டு. எந்தக் குரலுக்கு மொதல்ல குடுக்கணும்ங்கறதுக்கும் கணக்கு இருக்கு, திரும்பத் திரும்ப வர்ற சின்ன வரி யாருக்கு இருக்கோ அவங்களுக்கு மொதல்ல, அவங்க அத உருட்டிட்டே இருக்கட்டும், அதுக்கு மேல அடுத்தது. யாரும் சும்மா நின்னு வேடிக்கை பாக்கக் கூடாது.

அப்புறம் கை சைகைங்க. குச்சி வெச்சு தாளம் போடுறது இங்க இல்ல. விரல வட்டமா சுத்தினா அதே பகுதி திரும்ப, முஷ்டி மூடினா நிறுத்து, தலைய தட்டினா பல்லவிக்குப் போ. பாட்டோட கடைசில 'வேம்ப்'னு ஒரு சின்ன வரிய திரும்பத் திரும்ப பாடி ஏத்திட்டே போவாங்க, அதுல மேல சுட்டிக் காட்டினா இன்வெர்ஷன், அதாவது ஆல்ட்டோ சொப்ரானோவோட ஸ்வரத்த எடுத்துக்கும், டெனர் ஆல்ட்டோவோடத எடுத்துக்கும், சொப்ரானோ அதுக்கும் மேல புதுசா ஒரு எடத்துக்குப் போயிரும். அறுபது பேர் ஒரு விரலுக்கு ஒரே நேரத்துல படி ஏர்றப்ப உள்ள நிக்கறவங்களுக்கு மயிர்க்கூச்செறியும். ஆனா எங்க லீடர் இத ரொம்ப எச்சரிச்சாங்க, கூட்டத்த உசுப்பேத்த இது சுலபமான வழி, பாட்டு கேக்காம விரல் மேல போகக் கூடாது, மூணு தடவைக்கு மேல ஏத்தினா சொப்ரானோ குரல் கிழியும்.

பாட்டோட பூர்வீகத்த எப்படி சொல்றதுன்னு ஒரு முழு மத்தியானம் போச்சு. ரெண்டு நிமிஷத்துக்கு மேல போகக் கூடாது, சொல்லாமலும் விடக் கூடாது, யாரு பாடினாங்க, எங்க, எதுக்கு. தெரியாதத கதை கட்டக் கூடாது, ஸ்பிரிச்சுவல்னாலே தப்பி ஓடுற அடிமைகளுக்கு ரகசியமா வழி காட்டின பாட்டுன்னு சொல்லி கூட்டத்த அசத்தறது சுலபம், ஆதாரம் இல்லாம அப்படிச் சொல்லாதீங்கன்னு கண்டிப்பா சொன்னாங்க. உச்சரிப்புல கருப்பு அமெரிக்கர் மாதிரி நடிக்கக் கூடாது, அதே சமயம் அவங்க பாஷைய 'திருத்தி' இலக்கண இங்கிலீஷாவும் ஆக்கக் கூடாது, வார்த்தை அவங்களது, குரல் உன்னோடது.

அன்னிக்குத்தான் பெர்னிஸ் ஜான்சன் ரீகன்ங்கற கருப்பு அமெரிக்கப் பாடகி பத்தி முதல் தடவையா முழுசா கேட்டேன். 1961-ல ஜார்ஜியா மாநிலம் ஆல்பனில இனஒதுக்கலுக்கு எதிரா போராட்டம் நடந்தப்ப அவங்க காலேஜ் பொண்ணு. ஒரு கூட்டத்துல பாட்டு எடுக்கச் சொன்னப்ப ஒரு பழைய ஸ்பிரிச்சுவல எடுத்தாங்க, அதுல தலைக்கு மேல காத்துல 'தொல்லை' தெரியுதுன்னு வரும், அந்த ஒரு வார்த்தைய எடுத்துட்டு 'விடுதலை'ன்னு போட்டுப் பாடினாங்க. அப்புறம் அந்தப் போராட்டத்துக்காகப் பாடின ஃப்ரீடம் சிங்கர்ஸ் குழுல பாடி, 1973-ல வாஷிங்டன்ல ஸ்வீட் ஹனி இன் த ராக்ங்கற பெண்கள் குழுவ ஆரம்பிச்சாங்க. 2024 ஜூலைல காலமானாங்க. நான் கேட்டேன், அவங்க வார்த்தை மாத்தலாம், நாம மாத்தக் கூடாதா? லீடர் கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. அவங்க ஜெயிலுக்குப் போறதுக்கு முன்னாடி மாத்தினாங்க, பாட்டுக்குள்ள இன்னும் ஆழமா போக மாத்தினாங்க, நீ சங்கடத்துல இருந்து வெளிய வர மாத்தறியா இல்ல உள்ள போக மாத்தறியான்னு உன்னையே கேட்டுக்கோன்னாங்க. இத நான் நோட்டுல எழுதி வெச்சிருக்கேன்.

ரீகன் சொன்ன இன்னொண்ணும் அங்கதான் தெரிஞ்சுது. கருப்பர் மரபுல கூட்டமா பாடுற பாட்டு எல்லாம் 'நான்'னுதான் வரும், 'நாம'ன்னு வராது. எல்லாரும் சேந்து நிக்கறோம்னு காட்டணும்னா ஒவ்வொருத்தரும் 'நான்'னு சொல்லணும், 'நாம'ன்னு சொன்னா யாரு வந்திருக்கா யாரு வரலன்னு தெரியாம போயிரும். நாலு சனிக்கிழமைல எனக்கு மனசுல ரொம்ப நின்ன விஷயம் இது. அறுபது பேர் 'நான் வரேன்'னு பாடுறப்ப ஒவ்வொருத்தரும் தன் வாயால பொறுப்பு எடுத்துக்கறாங்க, லீடரோட வேலை அந்த 'நான்' சொல்றதுக்கு பயப்படறவங்களுக்கு வழி விடறது.

அதே ஸ்வீட் ஹனில பேஸ் குரல் பாடின இஸாயி பார்ன்வெல், 1980-கள்ல இருந்து பாட்டு கத்துக்காதவங்களயும் சேத்து வெச்சு பயிலரங்கு நடத்திட்டு வந்தவங்க, எல்லாமே காதுவழிதான், எங்க ட்ரெய்னிங்கோட அடிப்படை அவங்ககிட்ட இருந்து வந்ததுன்னு லீடர் வெளிப்படையா சொன்னாங்க. யாருகிட்ட கத்துகிட்டோம்னு சொல்றதும் பாடத்துல ஒண்ணு.

கடைசி சனிக்கிழமை ஒவ்வொருத்தரும் நெஜ கொயர் முன்னாடி ஒரு பாட்டு எடுக்கணும். எனக்கு சின்ன கோரஸ்தான், நாலு வரி. பதட்டத்துல சுருதிய ரொம்ப மேல எடுத்துட்டேன், ரெண்டாவது வரிலயே சொப்ரானோ பக்கம் முகம் சுளிக்கறது தெரிஞ்சுது. நிறுத்தினேன், மன்னிப்பு கேக்காம (அதுவும் சொல்லிக் குடுத்ததுதான், மன்னிப்பு கேட்டா கூட்டம் உன்னை கவலையா பாக்க ஆரம்பிக்கும்) மூச்சு எடுத்து, கீழ எடுத்து, திரும்ப குடுத்தேன். இந்தத் தடவ நின்னுச்சு. முடிஞ்சதும் ஆல்ட்டோல என் பக்கத்துல எப்பவும் நிக்கற பார்படோஸ் பாட்டி வந்து, நீ மூச்சு எடுக்கறது எங்களுக்குத் தெரியல, அதான் மொத வார்த்தை சிதறிச்சு, தோள தூக்கிக் காட்டு, நாங்க உன் கூடவே மூச்சு எடுத்துக்கறோம்னாங்க. எந்தப் பாராட்டும் எனக்கு அவ்வளவு உதவியிருக்காது. இவங்க மாதிரி ஆளுங்கதான் இந்தக் குழுவோட முதுகெலும்பு. 1948-ல கரீபியன்ல இருந்து ஆளுங்கள ஏத்திகிட்டு விண்ட்ரஷ் கப்பல் லண்டன் பக்கத்து டில்பரி துறைமுகத்துக்கு வந்ததுக்கு அப்புறம் வந்த தலைமுறையோட பிள்ளைங்க, இங்க இருந்த சர்ச்சுல பலருக்கு வரவேற்பு இல்ல, அதனால வீட்டு ஹால்லயும் ஸ்கூல் ஹாலயும் வாடகைக்கு எடுத்து பாட ஆரம்பிச்சவங்களோட பிள்ளைங்க. 1982-ல பேசில் மீட் லண்டன் கம்யூனிட்டி காஸ்பல் கொயர தொடங்கினதோ, கேரன் கிப்ஸன் 1994-ல தொடங்கின கிங்டம் கொயர் 2018 மே மாசம் ஹாரி, மேகன் அரச கல்யாணத்துல பாடினதோ, எல்லாத்துக்கும் அடில அந்த வாடகை ஹாலுங்கதான் இருக்கு. அந்தக் கல்யாணத்த பார்த்துட்டு கொயர் தேடி வந்தவங்க எங்க ஹால்லயே சில பேர் இருக்காங்க.

கொறைன்னு சொன்னா, ஹால் சின்னது. அறுபது பேருக்கு எடமில்ல, பின்னாடி நிக்கறவங்களுக்கு லீடர் கை தெரியாது, கைதான் எல்லாம்ங்கற கொயர்ல அது பெரிய கொறை. வாசல்ல நாலு படி, வீல்சேர்ல வரணும்னா சுத்தி பின்பக்கம் போய் ஒருத்தர கதவ தெறக்கச் சொல்லணும், எல்லாருக்குமான கொயர்னு சொல்றவங்க இத மொதல்ல சரி பண்ணணும், நான் ரெண்டு தடவ சொல்லியாச்சு. ஒவ்வொரு குரலுக்கும் பயிற்சி ரெக்கார்டிங் வாட்ஸப்ல வரும், ஆனா நானூறு மெசேஜுக்கு நடுவுல தேடணும். ட்ரெய்னிங்ல குரல் பாதுகாப்புக்கு அரை மணி நேரம்தான் ஒதுக்கினாங்க, தொண்டை கட்டினவங்கள எப்படி பாட வைக்கறது, வயசான குரலுக்கு எந்த சுருதி பொருத்தம், இதெல்லாம் இன்னும் விரிவா வேணும், எனக்குத் தேவையும் அதுதான். நடுவுல சேர்றவங்களுக்கு மொத மாசம் திணறல்தான், பழைய பாட்டுங்க எல்லாருக்கும் தெரியும், யாரும் நிறுத்தி சொல்லித்தர மாட்டாங்க, டேர்ம் ஆரம்பத்துல சேர்றது நல்லது.

பணத்துக்கு மதிப்பு இருக்கான்னா, எனக்கு இருக்கு. அந்தக் காசுல கீபோர்ட் வாசிக்கற பையனுக்கும் ட்ரம்ஸ் பையனுக்கும் ஒழுங்கா சம்பளம் போகுது, வருஷத்துக்கு ரெண்டு தடவ தென்னாப்பிரிக்கால இருந்தோ கரீபியன்ல இருந்தோ வந்த பாடகர்கள காசு குடுத்துக் கூப்பிட்டு அவங்க பாட்ட அவங்க வாயால கத்துக்க வெக்கறாங்க. கணக்கு வருஷக் கடைசில எல்லாருக்கும் காட்டுறாங்க.

நம்ம ஆளுங்களுக்கு ஒரு வார்த்தை. சொப்ரானோ, ஆல்ட்டோவுக்கு அடுத்த வருஷம் வரைக்கும் வெயிட்டிங் லிஸ்ட், டெனருக்கு இல்ல, இப்ப எட்டே பேர்தான், அறுபது பேருக்கு எட்டு டெனர் பத்தவே பத்தாது. பஜனைல பின்பாட்டு பாடின குரலா இருந்தா தாராளமா போதும். க்ராய்டன் பக்கம் இருக்கறவங்களுக்கு 75 நம்பர் பஸ் நேரா லூயிஷம் வரும். ஜனவரி மொத செவ்வாய்ல டேர்ம் ஆரம்பம், ஏழு மணிக்கு வாம்-அப், ஆறே முக்காலுக்கு வந்தீங்கன்னா சேர் ஒதுக்கிப் போட ஒரு கை கூட கெடைக்கும், வாசல் பெல் வேலை செய்யல, கதவ கொஞ்சம் பலமா தட்டுங்க.